நின்று கொல்வது

இருபத்தைந்து என்று எழுதிய பலகையில்
பனி அப்பியிருந்தது.
பெர்னடெட் நோவாக் முப்பத்துநான்கில் வந்தாள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடிந்து,
ஹீட்டர் பாதி மட்டும் வேலை செய்யும் செவ்ரலேயில்.

டொலீடோ போலீஸ்காரர்
மரியாதையாகத்தான் பேசினார்.
"பார்த்துப் போங்கள், தரை வழுக்கும்" என்றுகூடச் சொன்னார்.
மஞ்சள் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தபோது
அவருடைய கையுறையில் கட்டைவிரல் பிய்ந்திருந்தது.
அவர்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை.

நூற்று முப்பத்தைந்து டாலர்.
வெள்ளிக்கிழமைச் சம்பளத்தில் கட்டினாள்.
ரசீதை ஃப்ரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.
அதன்மேல் பீட்சாக் கூப்பன் வந்தது,
அதன்மேல் பல் டாக்டரின் அட்டை.
பனி உருகியது. பலகை தெரிந்தது.
தப்பும் அபராதமும் கணக்குத் தீர்த்துக்
கைகுலுக்கிப் பிரிந்துவிட்டன என்றே நினைத்தாள்.

ஜூலையில் கடிதம் வந்தது.
பழைய தொகை, புதிய தொகை,
நடுவே ஒரு மெல்லிய கோடு.
மாதம் முப்பத்தொரு டாலர் கூடுதல்.

போனில் இருபத்திரண்டு நிமிடம் பியானோ.
பிறகு டேரியஸ் என்று ஒரு பையன்.
"உங்கள் நல்ல ஓட்டுநர் சலுகை போய்விட்டது, மேடம்."
பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் இல்லையே?
"ஆமாம், அதுவும் இங்கே தெரிகிறது."
பலகையில் பனி மூடியிருந்ததே?
"அதை எழுத இதில் கட்டம் இல்லை."
எத்தனை நாளைக்கு?
"மூன்று வருஷம். வேறு எதுவும் வராவிட்டால்."

வேறு எதுவும் வராவிட்டால்.
அந்த வாக்கியத்தைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து
பெல்ட் மாட்டிவிட்டு
தினமும் வேலைக்குக் கூட்டிப்போகிறாள்.

போலீஸ் அன்று கொல்லும்,
இன்சூரன்ஸ் நின்று கொல்லும்.
டொலீடோவில் இப்படிப் பழமொழி கிடையாது.
தெரிந்த நானும் அவளிடம் சொல்லவில்லை.

ஓர் இரவு, ஈரத் துணி சுழலும் சத்தத்தில்,
சோப்புத்தூள் அட்டைப்பெட்டி மூடியில் கணக்குப் போட்டாள்.
முப்பத்தொன்றை முப்பத்தாறால் பெருக்கி,
அபராதத்தைக் கூட்டி,
கூடுதலாக ஓட்டிய ஒன்பது மைல் வேகத்தால் வகுத்தாள்.
மைலுக்கு நூற்று முப்பத்தொன்பது.
மீதி பூஜ்யம்.
அந்த ஒழுங்குதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.
மூடியை நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

நவம்பரில் அதே தெரு.
முள் இருபத்துநான்கைத் தாண்டவில்லை.
பின்னால் ஒரு பிக்கப் விளக்கை அடித்து அடித்துக் காட்டி,
ஹாரனில் திட்டி,
இடப்பக்கம் பாய்ந்து போனது.
சர்ச் திருப்பத்தில்
சிவப்பும் நீலமுமாக அதைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் சிரித்தாள். பொய் சொல்வானேன்,
நன்றாகவே சிரித்தாள்.
கடந்து போகையில் கண்ணாடி வழியே பார்த்தாள்:
இருபது வயதிருக்கும்,
டாஷ்போர்டு அறையைத் திறந்து துழாவுகிறான்,
மடியெல்லாம் காகிதம், கெட்சப் பொட்டலம், ஒற்றைக் காலுறை.
"பார்த்துப் போ, தரை வழுக்கும்" என்று
இந்நேரம் அவனுக்கும் சொல்லியிருப்பார்கள்.
அதோடு முடிந்தது என்று
அவனும் இன்று நிம்மதியாகத் தூங்குவான்.

சிக்னலில் பச்சை விழுந்தது.
அவள் கிளம்பவில்லை.
கோடையில் அவன் வீட்டுத் தபால்பெட்டி
எப்படித் திறக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.
பின்னால் வேறு யாரோ
ஹாரன் அடித்தார்கள்.