பதிப்பு 4.2 வரை

பிரானூர் பார்டரில்
பரோட்டாக் கடைக்கு மேல்மாடி.
கீழே கல் சூடேறும்போது
எங்கள் சர்வருக்கும் சூடேறும்.
முதல் பதிப்பின் முதல் பிழை அதுதான்.
குறிப்பில் எழுதவில்லை,
மின்விசிறி ஒன்று வாங்கிப் போட்டோம்.

இருபத்திரண்டு அறுவை மில்கள்,
மூன்று எடைமேடை,
சுமை இறக்குவோர் சங்கம் ஒன்று.
எல்லார் கணக்கும் ஒரே தரவுத்தளத்தில்.
நானும் நாகூர்கனியும் கட்டியது.

1.3
ஆனி முப்பத்திரண்டு என்று
ஒரு நாளே கிடையாது என்றது.
மில் பேரேட்டில் இருந்தது.
அன்று சாரல்கூடப் பெய்தது.
திருத்தினோம்.

1.4
ஆனிக்குக் கொடுத்ததை
மார்கழியும் கேட்டு வாங்கிக்கொண்டது.
மூன்று நாள் கூலி கூடுதலாகப் போயிற்று.
இந்தப் பிழைக்கு மட்டும்
புகார் வரவேயில்லை.

2.0
புதிதாக எழுதினோம்.
வேகம் கூடியிருக்கிறது என்று அறிவித்தோம்.
தப்பும் வேகமாக வந்தது.
பெயருக்கு ஒதுக்கிய இடம் பற்றாமல்
ஆரியங்காவு லாரிக்காரர் குஞ்ஞுமோனை
வெட்டி 'குஞ்ஞு' ஆக்கிவிட்டது.
அறுபது வயது ஆள்.
கோபப்படவில்லை;
வீட்டில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

3.4
புளியரை எஸ் வளைவில்
ஏறும் எம்-சாண்ட் லாரி, இறங்கும் மரலாரி.
ஒன்று நகர்ந்தால்தான் மற்றது நகரும்.
எங்களுக்கு உள்ளேயும் அதே வளைவு:
எடைச்சீட்டைப் பிடித்துக்கொண்டு
கூலிக்கணக்குக்கு ஒரு வேலை காத்திருக்க,
கூலிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு
எடைச்சீட்டுக்கு இன்னொன்று.
இரவு முழுக்க.
திரையில் பிழை என்று எதுவுமில்லை.
காத்திருப்பது பிழையல்லவே.

தீர்வு பாடத்தில் படித்ததுதான்:
ஒன்றைத் தேர்ந்தெடு, பின்னால் அனுப்பு.
வளைவில் போலீஸ்காரர் செய்வதும் அதுவே.
கிளீனர் குதித்திறங்கி
பாடியைத் தட்டித் தட்டி
'வரட்டும் வரட்டும்' என்பான்,
பள்ளத்தின் விளிம்பு வரைக்கும்.

3.5
தேர்ந்தெடுத்தது எப்போதும் கடைசியாக வந்ததை.
ஒரே ஒரு சீட்டு வைத்திருந்த
சின்ன வேலை ஒன்று
நாற்பத்தொரு முறை பின்வாங்கியிருந்தது.
ஒருமுறை ஒதுங்கியவரை
மறுமுறை ஒதுங்கச் சொல்வதில்லை, இனி.
"ரோட்டுக்கு இது எந்தப் பதிப்புல வரும்?"
கனி கேட்டான்.
நான் டீ சொல்லக் கீழே போனேன்.

4.2
'சிறு திருத்தங்கள்.'
அவ்வளவுதான் எழுதினேன்.

சங்கத்தில் ஆறு மாசானம் இருந்ததால்
ஆட்பட்டியலையும் சேமநிதிப் பட்டியலையும்
பெயரோடு தகப்பன் பெயரும் பார்த்து இணைத்திருந்தோம்.
தகப்பன் பெயர் காலியாக இருந்தால்?
காலி காலிக்குச் சமமில்லை
என்பது எங்கள் தொழிலின் விதி.
இரண்டு வெற்றுக் கட்டம் எதிரெதிரே நின்றாலும்
ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது.
சொல்லவோ எழுதவோ விரும்பாதவர்கள்,
எழுத ஆளில்லாதவர்கள்
சத்தமில்லாமல் உதிர்ந்திருந்தார்கள்
ஒவ்வொரு பதிப்பிலும்,
முதலாவதிலிருந்து.

ஒரு நிபந்தனையை மாற்றினேன்.
ஒற்றை வரி.
இரவு இரண்டு மணிக்கு ஏற்றிவிட்டுத் தூங்கிப்போனேன்.

விடிந்ததும் சங்கத்திலிருந்து பிரம்மசக்தி:
"யாருக்கா இந்த எழுவத்தொம்பது பேரு?
ராவோட ராவா சேத்திருக்கியளே?"
சேர்க்கவில்லை என்றேன்.
இருந்தார்கள்.

போனிலேயே வாசிக்கத் தொடங்கினாள்.
வெள்ளத்தாய்.
சுடலைக்கண்ணு.
ஞானப்பழம்.
"இந்த ஞானப்பழம்... போன ஐப்பசில
தடி உருண்டு விழுந்து..."
நிறுத்தினாள்.
கீழே கடையில்
கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவன் வீட்டுக்கு ஒண்ணும் போகலையேக்கா.
பேரே இல்லைன்னு
நான்தான் திருப்பி அனுப்பினேன்."

தெரிந்த குறைகள்:

நனைந்த மரம் எடை கூடுதலாகக் காட்டுகிறது.
பிழையல்ல. மூடப்பட்டது.

ஆவணியில் சில பெயர்கள் இருமுறை வருகின்றன.
பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடந்த தேதிக்கு இன்றைய பணத்தை வரவுவைக்க வழியில்லை.
திறந்தே இருக்கிறது.