நிறுவை

மஸ்கெலியா. ஞாயிறு. தகரத்தில் மழை.
"முன்னுக்கு வாங்க" என்றார் போதகர்.
வருகிறவர்கள் பக்கத்தில் நிற்பது என் வேலை:
பெயர் கேட்கணும்,
அவசரப்படுத்தக் கூடாது,
அழுதால் அழ விடணும்.

தெபோராள் வந்தாள், மூணாம் நம்பர் லயம்.
விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை.
எதுக்காக ஜெபிக்கணும் என்றேன்.

"வெள்ளிக்கிழமை நிறுவையில
ரெண்டு கிலோ கூட எழுதிட்டீங்க தம்பி.
நான் பேசாம வந்துட்டேன்.
கர்த்தர் மன்னிக்கணும்."

கிழமையில் ஆறு நாள்
தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் நான்.
ஈரத்துக்கு, சாக்குக்கு, துரைக்கு என்று
ஆளுக்கு மூணு கிலோ கழிக்கிற பேனை
இப்போதும் சட்டைப் பையில்.

கண்ணை மூடிக் காத்திருந்தாள்.
பயிற்சியில் மனப்பாடம் செய்த ஜெபம்
"பிதாவே"யோடு நின்றுவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து
ஆமென் சொன்னது அவள்தான்.