மஞ்சள் ஏரிக்கு முதல்முறை போகிறவளுக்கு

ஜெனிலா,
நீ குளச்சல்காரி. மீனைப் பற்றி
திண்டுக்கல்காரி நான் உனக்குச் சொல்வது அதிகப்பிரசங்கம்தான்.
ஆனால் இது கடல் இல்லை,
அலை வந்து உனக்குச் சேதி சொல்லாது.
ஹஃபூஃபின் பேரீச்சந் தோப்புகள்
குடித்து மிச்சம் வைத்த நீர்
வாய்க்கால் வாய்க்காலாய் வடிந்துபோய்
மணல்மேட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.
பெயர்தான் மஞ்சள் ஏரி. போனால் நீலமாக இருக்கும்.
ஏமாற்றிவிட்டாய் என்று எனக்கு போன் போடாதே.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பு.
குல் ஸமானிடம் வண்டி சொல்லிவிட்டேன்.
கரையில் வெள்ளையாய் உப்புப் பூத்த இடத்தில்
அவன் வண்டியை இறக்கப் பார்ப்பான், விடாதே.
மேலே அப்பளம், கீழே களி.
போன மாதம் நாலு பேர் இறங்கித் தள்ளினோம்.
என் இடதுகால் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரைக்கு நேற்றைய குப்பூஸ் போதும்.
மத்தி டின்னில் மிஞ்சிய எண்ணெய் விட்டு
சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாய்ப் பிசை.
பட்டாணி அளவு உருட்டு,
முள்ளின் முனை மட்டும் மறைந்தால் போதும்.
முடிச்சு உனக்குத் தெரிந்ததே:
கதீட்டர் நழுவாமலிருக்க டாக்டர் போடுவாரே
அதே இரட்டைச் சுற்று.
எச்சில் தொட்டு இறுக்கு,
அங்கே கையுறை எங்கே என்று கேட்க ஆள் இல்லை.

காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் வீசுவது சுலபம்.
எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள், வெறுங்கையோடு திரும்புவார்கள்.
நீ முகத்தில் வாங்கு.
காற்று நுரையை ஒதுக்கும் ஓரத்தில்தான்
தீனி சேரும், பின்னாலேயே மீனும் சேரும்.
அபாயாவை முழங்காலுக்கு மேல் முடிந்துகொள், நாணல் கிழிக்கும்.
உட்கார்ந்தே இரு.
உன் நிழல் தண்ணீரைத் தொடக்கூடாது.

ஜிலேபி மீன் அவசரப்படாது,
முதலில் ருசி பார்க்கும். தக்கை நடுங்கும்.
அப்போது இழுக்காதே.
ஊசி ஏற்றியதும் குழாய்க்குள்
ரத்தம் எட்டிப் பார்க்கும்வரை மூச்சைப் பிடித்திருப்போமே,
அப்படி இரு.
தக்கை சாய்ந்து, நகர ஆரம்பித்ததும்
மணிக்கட்டு மட்டும். தோள் வேண்டாம்.

கையை நனைத்துவிட்டு மீனைத் தொடு.
முதுகு முள் படுத்துக்கொள்ளும்படி
தலையிலிருந்து வாலுக்கு வருடிப் பிடி.
முள்ளைக் கழற்றி, திரும்ப விட்டுவிடு.
குழம்பு ஆசை வேண்டாம்:
வயலுக்குப் போட்ட உரமும் மருந்தும் வந்து சேரும் இடம் அது.
வடிகட்டாத தண்ணீர் உடம்பை என்ன செய்யும் என்று
வாரத்தில் ஆறு நாள் பார்க்கிறவர்கள் நாம்.

இன்னொன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.
ஏழாம் நாற்காலி அபு ஹைதர் தெரியுமல்லவா,
ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்.
நேற்று மூன்றரைக் கிலோ தண்ணீர் ஏறி வந்தார்.
ஐஸ்கட்டி மென்றது கணக்கில் வராதாம், என்னோடு ஒரே வாதம்.
நீ ஏரிக்குப் போவதைச் சொன்னேன்.
மீன் கேட்பார் என்று நினைத்தேன்.
அந்தத் தண்ணீர் சத்தம் போடுமா என்று கேட்டார்.

ஐந்து முறை போயிருக்கிறேன், ஜெனிலா.
எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் போனைக் கரையோரம் வைத்து
மூன்று நிமிடம் பதிவு செய்.
பேசாதே. குல் ஸமானின் ரேடியோவை அணைக்கச் சொல்.
மீன் கடிக்கிற நேரமாக இருந்தாலும்
தூண்டிலைக் கீழே வை.
சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் எனக்கு.
மெஷின் ஓடத் தொடங்கியதும் அவர் காதில் மாட்டிவிடுகிறேன்.
தாகம் கூடுமா, தணியுமா, தெரியாது.
டாக்டரிடம் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

செருப்பு பழுப்பு நிறம், குதிகாலில் வார் இருக்கும்.
கண்ணில் பட்டால் எடுத்து வா.
வலதுகாலை இன்னும் வைத்திருக்கிறேன்.