கிழிக்கிற மாதிரி

சோஹாரில் அந்த ஜூன் மாதம்
அவசரப் பிரிவு வாசலுக்கு வெளியே
ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள்.
காய்ச்சல்காரர்கள் கூடாரத்துக்கு,
மற்றவர்கள் உள்ளே.
மற்றவர்கள் என்று யாரும் அப்போது வருவதில்லை.
கால் முறிந்தவன்கூட
கேம்ப்பிலேயே துணி சுற்றிப் படுத்திருந்தான்,
வந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று.

எனக்கு அங்கே தரை துடைக்கிற வேலை.
தமிழ் தெரிந்த நர்ஸுகள் இரண்டு பேரையும்
தனிமைப்படுத்திய பிறகு
மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
நானே மொழிபெயர்ப்பாளர்.
சம்பளம் அதேதான்,
முகக்கவசம் மட்டும் நல்லதாகத் தந்தார்கள்.

சேவுகன். சாரம் கட்டுகிறவர். நாற்பத்தொன்று.
எந்த டாக்சியும் ஏற்றவில்லை,
துறைமுகப் பக்கமிருந்து
மதிய வெயிலில் நடந்தே வந்திருந்தார்.
நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்தார்கள்:
முப்பத்தெட்டு புள்ளி ஆறு.
வெயிலின் சூடா அவர் சூடா
அதற்குத் தெரியாது.
கூடாரம். பதினான்காம் நாற்காலி. மூக்கில் குச்சி.
முடிவு வர எட்டு மணி நேரம்.

"என்ன செய்யுது?"
"நெஞ்சுல, அக்கா."
நெஞ்சுல என்ன?
எத்தனை வைத்திருக்கிறோம் நாம்:
குத்தும், கடுக்கும், கரிக்கும், அடைக்கும்,
சுருக்கென்னும், விண்விண்ணென்று தெறிக்கும்.
டாக்டர் இன்திசாரிடம் கொடுக்க
என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று:
வஜா. வலி.
அவர் எழுதிக்கொண்டார்: காய்ச்சல், நெஞ்சு வலி.
அந்த மாதம் எல்லோருக்கும் அதுதான்.

சேவுகன் தலையை ஆட்டினார், அப்படியில்லை என்று.
"ஜவுளிக்கடைல மல்லு கிழிப்பாங்கள்ல,
ஓரத்துல லேசா வெட்டிட்டு ரெண்டு கையால,
அது மாதிரி.
முன்னாடி ஆரம்பிச்சு முதுகு வரைக்கும்.
முந்தாநாள்லருந்து."

முந்தாநாளே ஏன் வரவில்லை என்று
நான் கேட்கவில்லை.
அறைக்குப் பத்துப் பேர், பாதிச் சம்பளம்,
ஒருத்தன் இருமினால்
பத்துப் பேருக்கும் பூட்டு.

டாக்டர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.
கிழிவதற்கு அரபியில் என்ன?
துடைப்பதற்குத் தெரியும், குப்பைக்குத் தெரியும்,
நாளைக்கு வா என்பதற்குத் தெரியும்.

ஆளுக்கு ஒன்றுதான் என்று
கையெழுத்து வாங்கிக் கொடுத்த நீல அங்கி
என் மேல் இருந்தது.
டாக்டருக்கு முன்னால் போய் நின்று
கழுத்தோரம் பிடித்து இழுத்தேன்.
சர்ரென்று இடுப்பு வரை.
பிறகு திரும்பி
முதுகைக் காட்டினேன்:
இங்கே. இது வரைக்கும்.

திட்டத்தான் வாயெடுத்தார்.
முகக்கவசத்துக்கு மேலே
கண்கள் ஒரு கணம் நின்றன.
பிறகு சேவுகனின் வலது மணிக்கட்டு,
இடது,
மறுபடி வலது.
இரண்டு நாடியும் ஒன்றுபோல் இல்லையோ என்னவோ,
ஸ்ட்ரெச்சர் என்று கத்தினார்.

ஸ்கேனில் என்ன கண்டார்கள் என்று
தரை துடைக்கிறவளிடம் யார் சொல்வார்கள்?
மஸ்கட்டுக்கு ஆம்புலன்ஸ் போனது தெரியும்.
வழியில் எத்தனை சோதனைச் சாவடி,
அங்கே அறுவை மேசை காலியா,
தெரியாது.
அங்கிக்கு இரண்டு ரியால் பிடித்தார்கள்.

அவர் போன் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.
ராத்திரி பத்து மணிக்கு அடித்தது,
குச்சியின் முடிவும் அப்போதுதான் வந்திருந்தது.
ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள்,
பல பேரின் மூச்சு கேட்டது.
"கொரோனாவா?"
இல்லை என்றேன்.
"இல்லையாம்டா!"
யாரோ தட்டில் தாளம் போட்டார்கள்,
யாரோ விசிலடித்தான்.
தம்பி, இருங்க, இன்னும் சொல்லலை
என்று நான் ஆரம்பித்தபோது
லைன் போயிருந்தது.