வெள்ளியின் குடி

வந்தாறுமூலையில் மின்சாரம் போய் இருபது நிமிடம்.
மடிக்கணினியில் முப்பத்தொரு வீதம் மிச்சம்.
சிலி நாட்டு மலையொன்றில்
முந்தநாள் இரவு எனக்காகப் பிடித்த ஒளி
கடைசிக் கோப்பாக இறங்கியிருக்கிறது.

முதலில் அசைவில்தான் பிடித்தேன் இதை.
கல்லடிப் பாலத்தில் நிற்கும் ஒருவர்
வருடத்துக்கு ஒரு விரலகலம் தள்ளி நிற்பதைக்
களுவாஞ்சிகுடியிலிருந்து கண்டுபிடிக்கும் வேலை.
தூரமும் திசையும் சேர்த்துப்
பின்னோக்கி ஓட்டினால்
வானத்தின் நாலு மூலையிலும் கிடக்கிற சில வெள்ளிகள்
இருபத்துச் சொச்சம் மில்லியன் ஆண்டுக்கு அப்பால்
ஒரே முகிலுக்குள் போய் நுழைகின்றன.
இதுவும் நுழைகிறது.
நாம் அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்கிறோம்,
அதனால்தான் கூட்டம் தெரிவதில்லை.

டோர்ச் வெளிச்சம் படியேறி வந்தது.
காவலாளி சாமித்தம்பி.
"என்ன புள்ள, இன்னும் போகல்லயா?"
பிறகு திரையை எட்டிப் பார்த்து,
"இந்த வெள்ளி என்ன குடி?"

போன மாசி என்னிடமும் கேட்டவர்.
இங்கே குடி தாய்வழி.
என் தாய் எழுபத்தேழில், ஏழு வயதில்,
பண்டாரவளையிலிருந்து லொறியில் வந்திறங்கியவள்.
வயிற்றுவார் சொல்ல எனக்கு வயிறு இல்லை.
சித்தாண்டியில் பிறந்து
சித்தாண்டிப் பேச்சையே பேசுகிறேன்;
கூடவே போகிறேன், அதே வேகத்தில்.
அன்று சிரித்து மழுப்பினேன்.
இன்று அதே கேள்வியை
நான்தான் இரவு முழுக்க ஒரு வெள்ளியிடம் கேட்கிறேன்.

அறுநூற்று எழுபது தசம் எட்டு நனோமீற்றர்.
அவ்விடத்தில் ஒரு பள்ளம் இருந்தால் இலித்தியம்:
பிறக்கும்போது கொண்டுவந்தது,
உள்ளே எரிந்து தீராமல் மிஞ்சியது.

பள்ளம் இல்லை.
வலையிறவுத் தெரு மாதிரி நேராகப் போகிறது கோடு.

"அப்ப வேற குடியாக்கும்."

அவசரப்படாதீங்க அண்ணே.
இந்த எடைச் சிவப்பு வெள்ளிகள்
தொட்டிலிலேயே இலித்தியத்தைத் தின்று முடித்துவிடும்.
இல்லை என்பது
இங்கே சாட்சி சொல்லாது.

இன்னும் சிவப்புப் பக்கம் தள்ளிப் பார்த்தேன்.
சோடியத்தின் இரட்டைக் கோடு, ஆழமே இல்லை.
மேற்பரப்பு ஈர்ப்புக் குறைவு;
சுருங்கி முடியாத உடம்பு, இன்னும் ஊதியபடி.
ஐதரசன் கோடு பள்ளமாகாமல் மேடாக நிற்கிறது,
ஆனால் அந்த மேடு கிழடுகளுக்கும் வரும், நம்பக்கூடாது.
நம்மை நோக்கி வரும் வேகம் ஒருமுறைதான் அளந்தது;
பக்கத்தில் ஒரு சோடி ஒளிந்திருந்தால்
அது இழுத்து அந்த எண்ணையும் பொய்யாக்கும்.

ஒன்பது வீதம்.
'குழு' என்ற நிரலில் விரல் நின்றது.
உறுப்பினர் என்று எழுத முடியாது.
அயலான் என்றும் எழுத மனமில்லை,
மனம் இதில் கணக்கில்லை என்று தெரிந்தும்.
'வேட்பாளர்' என்று அடித்தேன்.

சாமித்தம்பி வாய்விட்டுச் சிரித்தார்.
"எலக்சனா புள்ள?"
ஓம், வாக்கு எண்ண இன்னும் ஓர் இரவு வேணும்,
பங்குனியில் தருவார்கள்.

வெறுந்தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.
மூடிவிட்டு வெளியே வந்தோம்.
இருட்டில் வானம் நிறையக் கிடந்தது,
நான் பார்த்த வெள்ளி மட்டும்
கண்ணுக்கு எட்டாத மங்கல்.
எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன்.
ஒன்றும் இல்லாத அந்த இடத்தை
இரண்டு பேரும் கொஞ்சநேரம் பார்த்தோம்,
செங்கலடிப் பக்கமிருந்து
விளக்குகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும் வரை.