பதின்மூன்று லோரி

காலை எட்டு மணி. லாபிஸில் கடைக் கதவை
பாதிதான் தூக்கியிருந்தேன்.
அமெரிக்காவில் அது முந்தின நாள் இரவு.
கல்லாவில் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள்
பத்தொன்பது வயது டோமிஸ்லாவ்
பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தான்,
எழுந்துகொண்டே இருந்தான்,
ஏழடியும் முடிய நேரம் பிடித்தது.
அம்மாவைக் கட்டிக்கொள்ளக் குனிந்தவன் தலையில்
தொப்பி வைத்தார்கள்.

"போயிட்டான்" என்றான் முகிலரசன்.
செம்பனைக் குலை லோரியை வாசலில் உறுமவிட்டு
பசியாறாமல் வந்து நின்றவன்.

இன்னும் போகவில்லை என்றேன்.
கணக்கு எழுதுகிறவளுக்கு
அடிக்குறிப்புதான் முதலில் கண்ணில் படும்.
ஊர்க் கிளப்போடு அவனுக்கு
இன்னும் இரண்டு வருட எழுத்து பாக்கி.
விடுவிக்க மூன்று மில்லியன் டாலர்.
கூப்பிட்ட அணி ஓரளவுக்கு மேல் தர
அங்கே விதி விடாது, ஒரு மில்லியனைக்கூடத் தொடாது.
மிச்சம் பையன் தலையில்,
இன்னும் கையில் வாங்காத சம்பளத்தில்.

"நம்ம அடகுக்கடை மாதிரி."

இல்லை முகில்.
அடகுக்கடையில் சங்கிலி பெட்டிக்குள் தூங்கும்.
இங்கே சங்கிலியே வேலைக்குப் போய்
தன்னை மீட்டுக்கொள்கிறது.

சிரித்தான். பிறகு
பின்கட்டில் அடுக்கியிருந்த சிமெண்டைப் பார்த்தான்.

ஆறடி இரண்டங்குலம். சீனப் பள்ளித் திடலில்
வேலிக்கு வெளியே பந்து பொறுக்கப் போய்
உள்ளே நிற்கக் கற்றவன்.
நான்கு வருடம் கோழிக்கடை அருணகிரி அணியில்,
மோட்டார் சைக்கிளுக்கு அவர் கொடுத்த
ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்காக.
தீவன ரசீதின் பின்பக்கம் எழுத்து:
கடன் தீரும்வரை என் பக்கம் ஆடுவான்.
கீழே இவன் கையெழுத்து,
அதன் மேல் ஒரு இறகு ஒட்டியிருந்தது.

என் தவுக்கே லியோங்குக்கு அவன் வேண்டும்.
அணி மாற்ற எந்தக் கடையும்
ஐந்நூறுக்கு மேல் தரக்கூடாது என்பது சங்கத்து விதி.
விதி வந்ததே லியோங்கால்தான்:
முந்தின வருடம் பெக்கோக்கில் பாதி ஊரை
விலைக்கு வாங்கிவிட்டார்.

கடிதத்தை மலாயில் நான் தட்டினேன்.
லியோங் சீனத்தில் முத்திரை குத்தினார்.
அருணகிரி தமிழில் திட்டினார்,
திட்டி முடித்து
உரித்த கோழி இரண்டு கொடுத்தனுப்பினார்.
"வளர்த்த பையன்" என்றார்.
அதே மூச்சில், "பனியன் எங்கே?"

மிச்சம் ஆயிரத்து முன்னூறு.
மூட்டை இறக்க ஐம்பது சென்.
இரண்டாயிரத்து அறுநூறு மூட்டை,
லோரிக்கு இருநூறு,
ஞாயிறுக்கு ஒரு லோரி.

ஆறாவது லோரி இறக்கிய மாலை இறுதி ஆட்டம்.
உள்ளங்கை வெடிப்பெல்லாம் சாம்பல் பூத்து
அவன் தொட்ட பந்து வெளுத்துப்போனது.
கடைசித் தனி வீச்சு வளையத்தில் சுற்றி
வெளியே விழுந்தது. செகாமாட் போலீஸ் ஜெயித்தது.
கூட்டத்தில் அருணகிரி
"ஐயோ" என்று கத்தியது
எந்தப் பக்கத்து ஐயோ என்று
எனக்கு இன்னமும் தெரியவில்லை.

தோற்றாலும் லோரி ஏழு பாக்கிதான்.
போன ஞாயிறோடு ஆறு.
கிழிந்த மூட்டைகளையும் நான்
முழு மூட்டையாகவே எழுதியிருக்கிறேன்.

"அவனுக்கு எத்தனை லோரி?"
கணிப்பானை எடுத்தேன். டாலரை வெள்ளியாக்கி,
வெள்ளியைச் சென்னாக்கி, சென்னை மூட்டையாக்கி:
கிட்டத்தட்டத் தொண்ணூறாயிரம்.
ஞாயிறுக்கு ஒன்று என்றால்
ஆயிரத்து எழுநூறு வருடம்.

"அப்ப சனிக்கிழமையும் வரணும்" என்றான்.
அணைக்காமல் விட்ட லோரியில் ஏறி
ஆலைக்குப் போய்விட்டான்.

கைப்பேசிக்குள் அந்தப் பையன்
யாரோ கேட்ட கேள்விக்கு
பார்த்துப் பார்த்து ஆங்கிலம் பேசினான்.
தொப்பி விளிம்பில்
ஒட்டுச்சீட்டை இன்னும் பிய்க்கவில்லை.

இரண்டங்குல ஆணி அரைக் கிலோ கேட்டு
பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து
ஓர் ஆள் வந்தது.