தவணை அட்டை

செவ்வாய்தோறும் கம்பளச் சுருளை
மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான்
முனவ்வர் பாஜ்வா, செனாப் ஆற்றங்கரைக்காரன்.
பீடோங் தோட்டத்து வரிசை வீடுகளில்
பால்மரம் வெட்டி வந்து நாங்கள்
கைகழுவும் நேரம் அவனுக்குத் தெரியும்.
மாதம் முப்பது வெள்ளி.
வெட்டு இல்லாத மழை மாதத்தில் பதினைந்து.

வெள்ளிக்கிழமை எங்கே போய்த் தொழுவான்?
நான் கேட்டதில்லை.
ஊரில் வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள்.

மகள் இரவல் வாங்கிவந்த கதைப் புத்தகத்தில்
கனேரித் தீவுக்குச் சர்க்கரை வாங்கப் போன
ஆங்கிலேய வியாபாரி ஒருவன்,
கரை தெரிந்ததும் ஜெபப் புத்தகத்தைக்
கடலில் போட்டுவிடுகிறான்.
அப்படியும் விடவில்லை.
கணக்கேட்டைப் பறித்து,
சர்க்கரைப் பெட்டிகளுக்கு நடுவே
அவன் சாமியைத் தேடுகிறார்கள்.

நேற்று இருவர் வந்தார்கள், சட்டைப்பையில் பேனாவோடு.
"எந்த மாதிரி ஆள்? எப்படிக் கும்பிடுவான்?"
தவணை அட்டையைக் கொடுத்தேன்.
பதினோரு கையெழுத்து.
வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

இந்தச் செவ்வாய் வண்டிச் சத்தம் இல்லை.
கம்பளத்தில் இன்னும் முப்பது வெள்ளி அவனுடையது.
அந்த ஓரத்தை மிதிக்காமல் நடக்கிறோம்.